குழாய்க்குக் கிராம சபை தேவையில்லையா? மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலிருந்து ஒரு சட்டப் பார்வை

வன உரிமைச் சட்டம், 2006-இன் 3(2) பிரிவு அதிகம் பேசப்படாத ஒன்று. வனத்தில் வாழும் மக்களுக்குத் தேவையான பள்ளி, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, சிறு குளம், சாலை, மின்கம்பி, குடிநீர்க் குழாய் என 13 வகை வசதிகளுக்கு வனநிலத்தை ஒதுக்க அப்பிரிவு வழி செய்கிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு பணிக்கும் ஒதுக்கப்படும் நிலம் 1 ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை இருந்தாக வேண்டும்.

ஆகவே, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு பளியர் குடியிருப்புக்கு ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சிறு குழாய் பதிப்பதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அதே வனத்தின் குறுக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் எரிவாயுக் குழாய் பதிக்க வேண்டுமானால், ஒன்றிய அரசின் ஒரு கடிதத்தின்படி கிராம சபையின் ஒப்புதல் தேவையில்லை. 2013 பிப்ரவரி 5 அன்று சுற்றுச்சூழல், வன அமைச்சகம் அனுப்பிய அக்கடிதத்தைப் பற்றியும், அதன் நிழல் தமிழகத்தின் மலையடிவாரங்களில் எப்படி விழுகிறது என்பதைப் பற்றியும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையை எடுத்துக்கொள்வோம். ராஜபாளையத்தின் அய்யனார் கோயில் பகுதி, ஸ்ரீவில்லிபுத்தூரின் செண்பகத்தோப்பு, சீனிவாசப் பெருமாள் கோயில் குன்றை உடைய திருவண்ணாமலை (அருணாசலேசுவரர் ஊர் அன்று, ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய சிற்றூர்), வடக்கே தாணிப்பாறை என நீளும் இவ்வடிவாரம் முழுவதும் மலையை நம்பி வாழ்வது. 1988-இல் இங்குள்ள மலைப்பகுதி சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலையுடன் இணைக்கப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. நாட்டின் 51-ஆவது, தமிழகத்தின் 5-ஆவது காப்பகம். பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தேன், வள்ளிக்கிழங்கு, நன்னாரி, குங்கிலியம், கடுக்காய் ஆகியவற்றைச் சேகரித்து வாழ்ந்த பளியர்களின் உலகம் இந்தக் கோடுகளுக்குள்தான் இருக்கிறது. அரசிதழ்களில் சரணாலயமும் காப்பகமும் பதிவானதைப் போல அவர்களது உரிமை பதிவாகவில்லை.

கனடாவில் நடந்தது

பழங்குடிகளிடம் குழாய்வழித் திட்டம் குறித்து அரசு கலந்தாய்வு நடத்துவது என்றால் என்ன என்பதற்கு உலகம் அதிகம் சுட்டும் எடுத்துக்காட்டு கனடாவின் டிரான்ஸ் மவுண்டன் விரிவாக்கம். ஆல்பர்ட்டா மாகாணத்தின் எட்மன்டனிலிருந்து பசிபிக் கரையில் உள்ள பர்னபிக்குச் செல்லும் சுமார் 1,150 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் 1953-இல் போடப்பட்டது. அதன் கொள்ளளவை நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாயிலிருந்து 8,90,000 பீப்பாயாக உயர்த்தும் திட்டத்துக்கு 2016 நவம்பரில் கனடா அரசு ஒப்புதல் தந்தது. வழியிலும் கரையிலும் வாழும் பூர்வகுடிகள் வழக்குத் தொடுத்தார்கள்.

2018 ஆகஸ்ட் 30 அன்று கனடாவின் ஒன்றிய மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஒப்புதலை ரத்து செய்தது. அரசு கூட்டங்களை நடத்தவில்லை என்பதன்று காரணம். கூட்டங்கள் நடந்தன, அதிகாரிகள் வந்தார்கள், சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டதோடு நின்றுவிட்டார்கள் என்பதே நீதிமன்றம் கண்ட குறை. எழுப்பப்பட்ட கவலைக்குப் பதில் சொல்லவும் திட்டத்தை மாற்றவும் அதிகாரம் பெற்றவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கவில்லை. குறிப்பெடுப்பது கலந்தாய்வு ஆகாது என்று சொன்ன தீர்ப்பு அது. நம் ஊர்க் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றிலாவது உட்கார்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இக்கதையின் பிற்பகுதியை நம் மேடைகளில் பலர் சொல்வதில்லை. தீர்ப்புக்கு முன்பே குழாயை 450 கோடி கனடா டாலருக்கு வாங்குவதாக அறிவித்திருந்த அரசு, மறுபடி கலந்தாய்வு நடத்தி 2019 ஜூன் 18 அன்று மீண்டும் ஒப்புதல் தந்தது. திட்டத்தைச் செயல்படுத்தும் உரிமையாளரும், அதைப் பற்றி நடுநிலையாகக் கேட்க வேண்டியவரும் ஒருவரே. இம்முறை, 2020 பிப்ரவரி 4 அன்று, அதே நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. கலந்தாய்வு உரிமை என்பது திட்டத்தைத் தடுக்கும் உரிமை ஆகாது என்றது. அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. 2024 மே 1 முதல் விரிவாக்கப்பட்ட குழாயில் எண்ணெய் ஓடுகிறது.

கலந்தாய்வு உரிமை சில ஆண்டுகளை வாங்கித் தரும். சில வளைவுகளை மாற்றித் தரும். ஒப்புதல் உரிமை வேறு. இந்தியாவில் அந்த வேறுபாட்டை நிலைநாட்டியது நியமகிரி. ஒடிசாவில் வேதாந்தா நிறுவனத்துக்கான பாக்சைட் சுரங்கம் குறித்து 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, டோங்ரியா கோண்டு மக்களின் சமய, பண்பாட்டு உரிமைகளைச் சுரங்கம் பாதிக்குமா என்று முடிவு செய்ய வேண்டியது கிராம சபைகளே என்றது. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் ஒன்றிய அரசு திட்டத்தை நிராகரித்தது.

நியமகிரித் தீர்ப்பை மாணவர்கள் பலரும் அறிவார்கள். அதற்குச் சுமார் பத்து வாரங்களுக்கு முன் வந்த அந்தக் கடிதத்தை அறிந்தவர்கள் குறைவு.

பிப்ரவரி 5 கடிதம்

வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கு முன் வன உரிமைகள் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும், கிராம சபையின் ஒப்புதல் பெறப்பட்டிருக்க வேண்டும் என்று 2009 ஆகஸ்ட் 3 அன்று அதே அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. வன உரிமைச் சட்டத்தை வன அனுமதி நடைமுறையோடு பிணைத்த முதன்மையான ஆவணம் அதுவே. 2013 கடிதம் அதில் ஒரு வாசலைத் திறந்தது. சாலை, கால்வாய், குழாய், கண்ணாடி இழை வடம், மின்தொடர் போலப் பல ஊர்களின் வழியே நீளமாகச் செல்லும் திட்டங்களுக்குக் கிராம சபையின் ஒப்புதல் பெற வேண்டியதில்லை என்றது. ஒரேயொரு விதிவிலக்கை வைத்தது: தொன்மைப் பழங்குடிக் குழுக்கள், வேளாண்மைக்கு முந்தைய நிலையிலுள்ள சமூகங்கள் ஆகியோரின் அங்கீகரிக்கப்பட்ட உரிமைகள் பாதிக்கப்படுமானால் ஒப்புதல் வேண்டும்.

இதற்குச் சொல்லப்படும் நியாயம், குழாய் ஓர் ஒல்லியான கோடு, ஓர் ஊரில் அது எடுக்கும் நிலம் சிறிது, வழியிலுள்ள நூறு ஊர்களில் ஓர் ஊர் மறுத்தாலும் திட்டம் முழுவதும் நின்றுவிடும் என்பது. முதற்பார்வைக்கு ஏற்கத்தக்கதாகவே தோன்றும். ஆனால் நூறு ஊர்களைத் தொடுவது நூறு ஊர்களையும் கேட்பதற்குக் காரணமாக வேண்டுமே தவிர, ஒருவரையும் கேட்காமலிருப்பதற்குக் காரணமாகக் கூடாது. கோடு ஒல்லியானது என்பதும் வரைபடத்தில்தான். மலைச்சரிவில் அகழி வெட்டப் பாறையை உடைக்க வேண்டும். ஓடைகளைக் கடக்க வேண்டும். இயந்திரங்கள் ஏறப் பாதை வேண்டும். பதித்த பின்னும் அந்தப் பட்டையில் மரம் வளர விடமாட்டார்கள். தேன் எடுக்கும் மரமும் கிழங்கு தோண்டும் சரிவும் ஊற்றும் எந்தப் பட்டையில் விழுகின்றன என்பதை வரைபடம் சொல்லாது. அங்கே நடமாடுபவர்களே சொல்ல முடியும்.

கடிதத்துக்குச் சட்ட வலு உண்டா என்பது தனிக் கேள்வி. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை ஓர் அமைச்சகத்தின் கடிதம் சுருக்க முடியாது. வன உரிமைச் சட்டத்துக்குப் பொறுப்பான பழங்குடியினர் நல அமைச்சகமே இந்த விலக்குக்கு உடன்படவில்லை. ஆயினும் நடைமுறை கடிதத்தின்படியே ஓடியது. பின்னர் வந்த 2022 ஜூன் மாத வனப் பாதுகாப்பு விதிகள், வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பை ஒன்றிய அரசின் ஒப்புதலுக்குப் பின்னர் மாநில அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவைத்தன. தேசியப் பழங்குடியினர் ஆணையம் அந்த விதிகளை நிறுத்திவைக்கக் கோரிக் கடிதம் எழுதியது. பயனில்லை. டெல்லி முடிவெடுத்த பிறகு ஊரைக் கேட்பது எந்த வகைக் கேள்வி?

பட்டியலில் இல்லாத பளியர்

விதிவிலக்கில் உள்ள மூன்று சொற்றொடர்களையும் பளியர் குடியிருப்பு ஒன்றின் மீது வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தொன்மைப் பழங்குடிக் குழுக்கள்; இன்று 'குறிப்பாக நலிவுற்ற பழங்குடிக் குழுக்கள்' எனப்படுபவை. தமிழகத்தில் அப்பட்டியலில் இருப்போர் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தவர். பளியர் அதில் இல்லை. அண்மைக்காலம் வரை உணவு சேகரித்தே வாழ்ந்த ஒரு மக்கள், மாநிலத்தின் பழங்குடிப் பட்டியலில் இருந்தும் இந்தத் தனிப்பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். பட்டியலை வகுத்தபோது நீலகிரி நோக்கிய பார்வை தெற்கு மலைகளை எட்டவில்லை என்றே தோன்றுகிறது.

இரண்டாவது, வேளாண்மைக்கு முந்தைய நிலையிலுள்ள சமூகங்கள். வன உரிமைச் சட்டத்தின் 3(1)(உ) வகையிலான வாழிட உரிமையிலும் இதே சொல் வருகிறது. பளியர்களுக்கு இருக்கும் வலுவான சட்டப் பிடி இதுவே என்பது எமது கருத்து. இச்சொல்லுக்கென்று தனி அரசுப் பட்டியலைச் சட்டம் கோரவில்லை. தேன், கிழங்கு, வேர், பிசின் ஆகியவற்றை நம்பிய வாழ்முறையை நிறுவினால் போதும். அதற்கான சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. பளியர்களைப் பற்றி மானிடவியலாளர்கள் எழுதியவை ஏராளம். ஊர் முதியோர் வாக்குமூலத்தையே சான்றாக ஏற்கும் விதியும் இருக்கிறது.

மூன்றாவது சொல்லே பூட்டு: 'அங்கீகரிக்கப்பட்ட' உரிமைகள். உரிமை இருந்தால் போதாது, அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். தமிழகத்தில் வன உரிமைப் பட்டா வழங்குவது சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008 இடைக்கால உத்தரவால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. தடை விலகிய பின்னும், வீட்டுக்கும் சாகுபடிக்குமான தனிநபர் பட்டாக்களே முன்னுரிமை பெற்றன. சமூக வன வள உரிமை பின்தங்கியது. சேகரித்து வாழும் மக்களுக்கோ அந்தச் சமூக உரிமையே உயிர்நாடி. தாமதப்படுத்தியது அரசு. தாமதத்தின் விளைவாக உரிமை அங்கீகரிக்கப்படவில்லை. அங்கீகரிக்கப்படாத காரணத்தால் ஒப்புதல் தேவையில்லை.

தமிழகத்துக்குரிய மற்றொரு குறையும் உண்டு. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் எவையும் இங்கு அறிவிக்கப்படவில்லை. எனவே பட்டியல் பகுதிகளுக்குப் பஞ்சாயத்துகளை விரிவாக்கிய 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே பொருந்தாது. நம்மிடம் இருப்பது ஊராட்சி கிராம சபை: ஆண்டுக்கு ஆறு முறை, சமவெளி ஊரில், சமவெளிச் சாதிகள் பெரும்பான்மையாக அமரும் சபை. மலையடிவாரத்தில் முப்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் குரல் அங்கே தீர்மானமாகுமா? வன உரிமை விதிகள் கோரும் சபை வேறு. அதில் குறைந்தது பாதி உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். வன உரிமைக் குழுவின் 10 முதல் 15 வரையிலான உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் பழங்குடிகளாக இருக்க வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று ஊராட்சி அலுவலக வாசலில் கையெழுத்து வாங்கிய பதிவேட்டைக் காட்டி இந்தக் கிராம சபை கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. சொல்லத்தான் செய்கிறார்கள்.

மலையிறங்கினால் வேறு சட்டம்

குழாய் வனத்தை விட்டு வயலுக்கு இறங்கியதும் 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்வழிகள் சட்டம் வந்துவிடுகிறது. இது நிலத்தை எடுப்பதில்லை. நிலத்துக்கு அடியில் குழாய் பதிக்கும் 'பயன்பாட்டுரிமையை' மட்டும் எடுக்கிறது. 3(1) பிரிவின் கீழ் அரசிதழில் புல எண்களோடு அறிவிக்கை வரும். அன்றிலிருந்து 21 நாள்களுக்குள் 'நிலத்தில் அக்கறையுடைய' எவரும் தகுதிவாய்ந்த அலுவலரிடம் எதிர்ப்பைப் பதியலாம். குடியிருப்பு நிலத்தின் அடியிலும் நிலையான கட்டடத்தின் அடியிலும் குழாய் போகக் கூடாது. நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடும், பயிர், மரச் சேதத்துக்கு இழப்பீடும் கிடைக்கும். அதன்பின் அந்தப் பட்டையில் கட்டடம் கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ உரிமையாளருக்குத் தடை. 2013 நிலமெடுப்புச் சட்டம் தன் சமூகத் தாக்க மதிப்பீட்டிலிருந்தும் ஒப்புதல் விதியிலிருந்தும் விலக்கி நான்காம் அட்டவணையில் வைத்த 13 சட்டங்களில் இதுவும் ஒன்று.

அப்பட்டாவில் பெயரில்லாத குத்தகைக்காரரும், தோப்பில் நாள்கூலிக்கு வேலை செய்யும் தலித் பெண்ணும் இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. பஞ்சமி நிலம் குறித்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசிதழ் அட்டவணை வருவாய்ப் பதிவேட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறது. 1892-ஆம் ஆண்டு ஆணைப்படி ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டுப் பின்னர் பிறர் கைக்குப் போன நிலமாயின், இழப்பீடு இன்றைய அனுபோகதாரருக்கே போகும். அவரது அனுபோகத்துக்கு அரசின் முத்திரை கூடுதலாகக் கிடைத்துவிடும். அறிவிக்கை வந்த வாரத்திலேயே அதிலுள்ள புல எண்களை 'அ' பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் தோழர்கள் செய்யக்கூடிய பயனுள்ள வேலை. 21 நாள்கள் மிகக் குறைவு.

மாநில அரசே மக்களைக் கேட்டாலும் இந்தச் சட்டத்தின் முன் அது நிற்காது என்பதைக் கெயில் வழக்கு காட்டியது. கொச்சியிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் எரிவாயுக் குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய 7 மாவட்டங்களில் 310 கிலோமீட்டர் செல்வதாக இருந்தது. 20 மீட்டர் அகலப் பட்டை. உழவர்கள் கொதித்தெழுந்தார்கள். 2013 மார்ச்சில் தமிழக அரசு அவர்களை அழைத்துக் கேட்டது. அம்மாத இறுதியில் முதலமைச்சர் ஜெயலலிதா, விளைநிலங்களை விட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார். நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குழாய்வழி ஒன்றியச் சட்டத்தின் கீழ் வருவது, வழித்தடத்தை மாற்றச் சொல்ல மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்பது சாரம். அங்கே எழுந்தவர்கள் நிலமும் அமைப்பும் வாக்கு வலிமையும் உடைய உழவர்கள். அவர்களுக்கே இந்த முடிவு என்றால் முப்பது வீட்டுக் குடியிருப்பு எங்கே நிற்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இதில் எளிதான பக்கம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ராஜபாளையம் நகரத்தின் குடிநீர் அய்யனார் கோயில் மலையடிவாரத்து ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. சேரிகளின் தெருக்குழாயிலும் அதே தண்ணீர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பகுதி உழவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் அழகர் அணைத் திட்டம் போன்றவை நாளை நிறைவேறினால், பயன்பெறுவோரில் நிலமற்ற தலித் தொழிலாளர்களும் இருப்பார்கள். தண்ணீர் கேட்பவர் குரலும் மலையில் வாழ்பவர் குரலும் எதிரெதிராக நிறுத்தப்படும் நாள் வரும். அப்போது முதலில் மலையைக் கேளுங்கள் என்று சமவெளி தலித் அமைப்புகள் சொல்லுமா என்பதே நம்மை நோக்கிய கேள்வி.

கோப்பில் தேட வேண்டியவை

2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுப்பேரவை பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. எதிர்த்த நான்கு நாடுகளில் கனடா ஒன்று. ஆதரித்த நாட்டில் குழாய்களுக்குக் கிராம சபை வேண்டாம் என்று கடிதம் போனது. எதிர்த்த நாட்டின் நீதிமன்றம், கேட்டது போதாது என்று ஒப்புதலை ரத்து செய்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 107-ஆம் உடன்படிக்கையை 1958-இல் ஏற்ற இந்தியா, கலந்தாய்வை வலியுறுத்தும் 169-ஆம் உடன்படிக்கையை இன்றுவரை ஏற்கவில்லை. பன்னாட்டு அரங்கில் போடும் வாக்கு உள்நாட்டுக் கோப்பை அசைப்பதில்லை.

எனவே கோப்பிலேயே தேட வேண்டும். சரணாலயம் அல்லது காப்பகம் வழியாகச் செல்லும் எண்ணெய், எரிவாயுக் குழாய்க்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பும் தமிழில் சுருக்க அறிக்கையும் தர வேண்டும். அந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. பேசுவது பதிவாகும், அவ்வளவே. அதையும் கிராம சபையையும் ஒன்றெனக் காட்டும் வழக்கம் அதிகாரிகளிடம் உண்டு. இரண்டும் வேறு என்பதை அந்தக் கூட்டத்திலேயே சொல்லிப் பதிய வைக்க வேண்டும்.

வன அனுமதிக் கோப்பில் மாவட்ட ஆட்சியர் ஒப்பமிட்ட சான்றிதழ் ஒன்று இருக்கும். நீள்வழித் திட்டங்களுக்கு அது படிவம் 1. பிற திட்டங்களுக்குப் படிவம் 2. படிவம் 1-இல் ஆட்சியர் உறுதியளிப்பவை முக்கியமாக இரண்டு: வனப் பரப்பில் உரிமை அங்கீகரிக்கும் பணி முழுமையாக முடிந்துவிட்டது என்பதும், தொன்மைப் பழங்குடிகளின் அல்லது வேளாண்மைக்கு முந்தைய சமூகங்களின் அங்கீகரிக்கப்பட்ட உரிமை எதுவும் பாதிக்கப்படவில்லை என்பதும். குடியிருப்பின் சமூக உரிமைக்கான படிவம் ஆ, வன வள உரிமைக்கான படிவம் இ ஆகியவை கிராம சபையில் தரப்பட்டு, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு கையில் இருந்தால் முதல் வாக்கியத்தை ஆட்சியரால் எழுத முடியாது. ஒப்புகைச் சீட்டு இல்லாத இடங்களில் அது எளிதாக எழுதப்படுகிறது. திட்டம் வருமுன்பே, எந்தத் திட்டமும் பேச்சில் இல்லாத காலத்திலேயே, அந்த இரு படிவங்களையும் பளியர் குடியிருப்புகளில் நிரப்பிக் கொடுக்க உதவ வேண்டியது அதனால்தான். ஆட்சியரின் சான்றிதழ் பரிவேஷ் இணையதளத்தில் பதிவேற்றப்படும். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறலாம். கேட்கும்போது சான்றிதழை மட்டும் கேட்காமல், இணைப்பிலுள்ள கிராம சபைத் தீர்மானங்களின் நகல், வருகைப் பதிவேடு, கூட்டம் நடந்த இடம் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.